பைத்தான் டெஸ்ட்டில் ஃபைல் சோதனைகளை மாக் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட் ரிவியூவிலும், புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து டெஸ்ட் எழுதும்போதும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான். `அறிக்கை` என்று ஒரு மாட்யூல், அதில் `படி` என்று ஒரு ஃபங்ஷன். அது ஒரு ஃபைலின் பாதையை வாங்கிக்கொள்ளும். `ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்` மூலம் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் திறந்து, உள்ளே இருப்பதைத் தரும். இல்லையென்றால் காலி ஸ்ட்ரிங்கைத் தரும்.

ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை எதற்கு மாக் செய்ய வேண்டும்? அப்படியே ஓட்டிப் பார்த்தால் போதாதா?

பல நேரம் போதும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், டெஸ்ட்டின் முடிவு அது ஓடும் கணினியைப் பொறுத்து மாறும்போதுதான். உங்கள் கணினியில் அந்தப் பாதையில் ஒரு ஃபைல் இருக்கிறது, டெஸ்ட் பாஸ் ஆகிறது. சிஐ சர்வரில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கணினி) அது இல்லை, ஃபெயில் ஆகிறது. கோட் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மாக் செய்வது என்றால், டெஸ்ட் ஓடும் நேரத்துக்கு மட்டும் அந்த ஃபங்ஷன் இருந்த இடத்தில் நாம் சொன்னதைச் சொல்லும் ஒரு பொய் ஃபங்ஷனை வைப்பது. அதற்கான `யூனிட்டெஸ்ட்.மாக்` பைத்தான் 3.3 முதல் பைத்தானோடே வருகிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆனால் மாக்தான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம். தற்காலிக ஃபோல்டரில் நிஜமான ஃபைலை வைத்து டெஸ்ட் செய்வதுதான் பெரும்பாலும் நல்லது. ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சரி, மிக எளிமையாக எப்படி எழுதுவது?

`யூனிட்டெஸ்ட்.மாக்` மாட்யூலிலிருந்து `பேட்ச்` என்பதை இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். ஒரு `வித்` பிளாக்கில் `பேட்ச்("ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்", ரிட்டர்ன்_வேல்யூ=ஃபால்ஸ்)` என்று எழுதி, உள்ளே `அறிக்கை.படி` ஃபங்ஷனை அழையுங்கள். காலி ஸ்ட்ரிங் வந்ததா என்று அசர்ட் செய்யுங்கள். பிளாக்கை விட்டு வெளியே வந்ததும் பழைய ஃபங்ஷன் திரும்பிவிடும். நடுவில் எக்ஸெப்ஷன் வந்தாலும் திரும்பிவிடும்.

இதையே டெக்கரேட்டராகவும் போடலாம். ஒன்றுக்கு மேல் அடுக்கினால், கீழே இருக்கும் டெக்கரேட்டரின் மாக்தான் முதல் ஆர்க்யுமென்டாக வரும். வரிசை தலைகீழாகிப் பலர் குழம்புவது இங்கேதான். ஒரு கிளாஸின் எல்லா டெஸ்ட்டுக்கும் வேண்டுமென்றால் `செட்அப்` மெத்தடில் `ஸ்டார்ட்` செய்து, உடனே அடுத்த வரியிலேயே `ஆட்கிளீனப்` மூலம் `ஸ்டாப்` என்பதைப் பதிவு செய்யுங்கள். 3.11 முதல் `என்டர்கான்டெக்ஸ்ட்` இருக்கிறது, அது இரண்டையும் ஒரே வரியில் முடித்துவிடும்.

ரிட்டர்ன்_வேல்யூ கொடுக்கவே இல்லை, ஆனாலும் டெஸ்ட் பாஸ் ஆகிறதே?

எதுவும் சொல்லாமல் பேட்ச் செய்தால் அந்த இடத்தில் ஒரு `மேஜிக்மாக்` (எப்படி அழைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் பொய் ஆப்ஜெக்ட்) உட்காரும். அதை அழைத்தால் இன்னொரு `மேஜிக்மாக்` வரும். `இஃப்` கண்டிஷனில் அது எப்போதும் உண்மையாகத்தான் மதிப்பிடப்படும். ஆக, நீங்கள் சொல்லாமலே "ஃபைல் இருக்கிறது" என்று ஆகிவிடுகிறது. ஃபைல் இருக்கும் நிலையைத்தான் சோதிக்கிறீர்கள் என்றாலும் `ட்ரூ` என்று வெளிப்படையாக எழுதுங்கள். அடுத்து படிப்பவருக்கு அது வேண்டுமென்றே வைத்தது என்று தெரியும்.

பேட்ச் செய்தேன், ஆனாலும் உண்மையான எக்ஸிஸ்ட்ஸ்தான் ஓடுகிறது. ஏன்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். விடை உங்கள் மாட்யூலின் முதல் சில வரிகளில் இருக்கிறது. `அறிக்கை` மாட்யூலில் `இம்போர்ட் ஓஎஸ்` என்று இருந்தால், ஃபங்ஷன் ஓடும் ஒவ்வொரு முறையும் பைத்தான் `ஓஎஸ்` மாட்யூலுக்குப் போய், அதில் `பாத்`, அதில் `எக்ஸிஸ்ட்ஸ்` என்று அந்த நேரத்தில் தேடும். அங்கே நீங்கள் மாக்கை வைத்திருந்தால் மாக்தான் கிடைக்கும்.

`ஃப்ரம் ஓஎஸ்.பாத் இம்போர்ட் எக்ஸிஸ்ட்ஸ்` என்று எழுதியிருந்தால் கதை வேறு. இம்போர்ட் நடந்த அந்தக் கணத்தில், உண்மையான ஃபங்ஷனைச் சுட்டும் `எக்ஸிஸ்ட்ஸ்` என்ற புதுப் பெயர் `அறிக்கை` மாட்யூலுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அதன்பிறகு `ஓஎஸ்.பாத்` பக்கம் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அங்கே நீங்கள் எதை மாற்றினாலும் இந்தப் பெயருக்குத் தெரியாது. அப்போது பேட்ச் செய்ய வேண்டியது `"அறிக்கை.எக்ஸிஸ்ட்ஸ்"`.

ஆக, ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை. உங்கள் கோட் அதை எந்தப் பெயர் வழியாக எடுக்கிறது என்று பாருங்கள், அந்தப் பெயரை மாற்றுங்கள். பேட்ச் வேலை செய்யவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் திறக்கச் சொல்வது டெஸ்ட் ஃபைலை இல்லை, கோட் ஃபைலின் இம்போர்ட் வரிகளை.

அப்படியானால் "அறிக்கை.ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்" என்று எழுதினால் அறிக்கை மாட்யூலுக்குள் மட்டும்தானே மாறும்?

இல்லை. பார்க்க அப்படித்தான் தோன்றும். ஆனால் `அறிக்கை.ஓஎஸ்` என்பதும் மற்ற எல்லாரும் வைத்திருக்கும் `ஓஎஸ்` என்பதும் ஒரே மாட்யூல் ஆப்ஜெக்ட்தான். அதன் உள்ளே இருக்கும் `எக்ஸிஸ்ட்ஸ்` மாறினால் அந்த ப்ராசஸில் இருக்கும் எல்லா லைப்ரரிக்கும், எல்லா த்ரெட்டுக்கும் மாறுகிறது. நீங்கள் அழைக்கும் ஃபங்ஷன் உள்ளே வேறொரு லைப்ரரியை அழைத்து, அது தன் ஃபைலைத் தேடினால் அதற்கும் அதே பொய்தான் கிடைக்கும்.

உண்மையிலேயே ஒரு மாட்யூலுக்குள் மட்டும் மாற வேண்டுமென்றால், அந்த மாட்யூலுக்கே சொந்தமான ஒரு பெயர் வேண்டும். `ஃப்ரம்` வகை இம்போர்ட் அதைத் தரும். இன்னும் தெளிவான வழி, `ஃபைல்_உண்டா` என்று ஒரு சிறிய ஃபங்ஷனை `அறிக்கை` மாட்யூலில் எழுதி அதை மாற்றுவது.

மொத்த ஓஎஸ் மாட்யூலையே மாக் செய்துவிட்டால் தொல்லை விட்டதே?

தொல்லை கூடும். `ஓஎஸ்.பாத்.ஜாயின்` ஸ்ட்ரிங்குக்குப் பதில் ஒரு மாக்கைத் தரும், `ஓஎஸ்.ஸெப்` ஒரு மாக் ஆகிவிடும். கோட் அபத்தமான பாதைகளோடு ஓடும், ஆனால் எங்கேயும் எரர் வராது. மாக் எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒரு ஃபைல் இருக்க வேண்டும், இன்னொன்று இல்லாமல் இருக்க வேண்டும். ஒரே டெஸ்ட்டில் எப்படி?

மாக்கின் விடையை அழைப்புக்கு அழைப்பு மாற்ற உதவும் `சைட்_எஃபெக்ட்` இதற்குத்தான். அதற்கு `[ட்ரூ, ஃபால்ஸ்]` என்று லிஸ்ட் கொடுத்தால் முதல் அழைப்புக்கு முதல் மதிப்பு, இரண்டாம் அழைப்புக்கு இரண்டாவது என்று வரும். லிஸ்ட் தீர்ந்தபின் இன்னொரு முறை அழைத்தால் `ஸ்டாப்இட்டரேஷன்` வரும். லிஸ்ட்டை நான் விரும்புவதில்லை. யாராவது கோடில் இரண்டு சோதனைகளின் வரிசையை மாற்றினால், கோட் சரியாகவே இருந்தும் டெஸ்ட் உடையும்.

ஃபங்ஷன் கொடுப்பது மேல். பாதையை வாங்கி, `லாம்ப்டா பா: பா == "அ.டெக்ஸ்ட்"` என்பது போல விடை சொல்லட்டும். ஒரே ஒரு பாதைக்கு மட்டும் பொய் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு உண்மையான `எக்ஸிஸ்ட்ஸ்` வேண்டுமென்றால், பேட்ச் செய்யும் முன்பே உண்மையானதை ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் `ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்` என்று அழைத்தால் அது மாக்கைத்தான் அழைக்கும், மாக் மறுபடி உங்கள் ஃபங்ஷனை அழைக்கும், கடைசியில் `ரிகர்ஷன்எரர்` வந்து நிற்கும்.

எக்ஸிஸ்ட்ஸ் ட்ரூ என்று சொல்ல வைத்தேன். அடுத்த வரியிலேயே ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் வருகிறது.

வரத்தான் செய்யும். "இருக்கிறது" என்று சொல்ல வைத்தீர்கள், ஆனால் ஃபைல் இல்லை. `ஓப்பன்` உண்மையான டிஸ்க்கைப் போய்ப் பார்க்கிறது. அதையும் மாக் செய்ய வேண்டுமென்றால் `"பில்ட்இன்ஸ்.ஓப்பன்"` என்பதை `மாக்_ஓப்பன்(ரீட்_டேட்டா="...")` கொண்டு பேட்ச் செய்யலாம். எந்தப் பாதையைக் கொடுத்தாலும் அது ஒரே உள்ளடக்கத்தைத்தான் தரும் என்பதை மனதில் வையுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு சோதனையை மாக் செய்ததால் இரண்டாவதையும் மாக் செய்ய வேண்டி வந்தது. அடுத்து `கெட்சைஸ்`, அப்புறம் `லிஸ்ட்டிர்` என்று போகும். மூன்றாவது மாக் எழுத வேண்டி வந்தால் நீங்கள் ஒரு ஃபைல் சிஸ்டத்தையே கையால் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது தற்காலிக ஃபோல்டருக்கு மாறிவிடுங்கள்.

நான் பாத்லிப் (பாதைகளை ஆப்ஜெக்ட்டாகக் கையாளும் பைத்தான் மாட்யூல்) பயன்படுத்துகிறேன். அதன் எக்ஸிஸ்ட்ஸ் எப்படி?

குறிப்பிட்ட ஒரு `பாத்` ஆப்ஜெக்ட்டின் `எக்ஸிஸ்ட்ஸ்` மெத்தடை மட்டும் மாற்றப் பார்த்தால் முடியாது. அந்த கிளாஸ் `ஸ்லாட்ஸ்` (ஆப்ஜெக்ட்டில் புது அட்ரிபியூட் சேர்க்க விடாத அமைப்பு) பயன்படுத்துவதால் ரீட்-ஒன்லி என்று `அட்ரிபியூட்எரர்` வரும். கிளாஸில்தான் மாற்ற வேண்டும்: `பேட்ச்("பாத்லிப்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்", ரிட்டர்ன்_வேல்யூ=ட்ரூ)`. கிளாஸில் மாற்றுவதால் நீங்கள் `பாத்` கிளாஸை எப்படி இம்போர்ட் செய்திருந்தாலும் வேலை செய்யும், மேலே சொன்ன இம்போர்ட் தொல்லை இங்கே இல்லை.

பாதைக்கேற்ப விடை மாற வேண்டும் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. சாதாரண மாக்கை கிளாஸில் வைத்தால் அதற்கு `செல்ஃப்` வந்து சேராது. உங்கள் `சைட்_எஃபெக்ட்` ஃபங்ஷனுக்கு எந்தப் பாதையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றே தெரியாது. `ஆட்டோஸ்பெக்=ட்ரூ` சேர்த்தால் மாக் ஒரு நிஜ ஃபங்ஷன் போல ஆகி, `செல்ஃப்` முதல் ஆர்க்யுமென்டாக வரும். ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை தவறினால் எரரும் தரும். பாத்லிப் பக்கம் நான் இதை எப்போதுமே சேர்க்கச் சொல்வேன்.

இவை எல்லாமே கடைசியில், ஃபைலின் விவரங்களைக் கேட்கும் ஓஎஸ்.ஸ்டாட் ஃபங்ஷனைத்தானே அழைக்கின்றன? அதை ஒன்றை மட்டும் மாக் செய்தால்?

லினக்ஸில் `ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்` உள்ளே `ஓஎஸ்.ஸ்டாட்` அழைப்பதால் அங்கே அது வேலை செய்வது போலத் தெரியும். விண்டோஸில் 3.12 முதல் `எக்ஸிஸ்ட்ஸ்`, `இஸ்ஃபைல்`, `இஸ்டிர்` ஆகியவை சி மொழியில் எழுதிய தனி ஃபங்ஷன்கள். அவை `ஓஎஸ்.ஸ்டாட்` பக்கமே வருவதில்லை. பாத்லிப் உள்ளே எதை அழைக்கிறது என்பதும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. உங்கள் கோட் எதை நேரடியாக அழைக்கிறதோ அதை மட்டும் மாக் செய்யுங்கள், அதற்கு அடியில் இருப்பதை நம்பாதீர்கள்.

ஃபைலின் வயதைச் சோதிப்பதற்காக `ஸ்டாட்` மாக் செய்பவர்கள் உண்டு. தேவையில்லை. தற்காலிக ஃபைலை உருவாக்கி `ஓஎஸ்.யூடைம்` மூலம் அதன் மாற்ற நேரத்தை வேண்டிய அளவு பின்னால் தள்ளலாம். ஒரே வரி.

அப்போது எங்கே தற்காலிக ஃபோல்டர், எங்கே மாக்?

எளிதாக உருவாக்க முடிகிற எந்த நிலையையும் உருவாக்கிவிடுங்கள். ஃபைல் இருப்பது, இல்லாதது, காலியாக இருப்பது, ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் ஃபோல்டர் இருப்பது: இவை எல்லாம், டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டின் `டெம்ப்_பாத்` ஃபிக்ஸ்சரில் (டெஸ்ட்டுக்குத் தற்காலிக ஃபோல்டரைத் தயாராகத் தருவது) ஓரிரு வரிகள்தான். யூனிட்டெஸ்ட் என்றால் `டெம்ப்ஃபைல்.டெம்பரரிடைரக்டரி` இருக்கிறது. பைடெஸ்ட் வழக்கமாகக் கடைசி 3 ஓட்டங்களின் ஃபோல்டர்களை அழிக்காமல் வைத்திருக்கும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் போய் என்ன எழுதப்பட்டது என்று திறந்தே பார்க்கலாம்.

நான் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம், `எக்ஸிஸ்ட்ஸ்` சொல்லும் `ஃபால்ஸ்` என்பதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. ஃபைல் இல்லாமல் இருக்கலாம். சிம்பாலிக் லிங்க் (இன்னொரு பாதையைச் சுட்டும் குறுக்குவழி) இருந்து, அது சுட்டும் ஃபைல் போயிருக்கலாம் (அப்போது `லெக்ஸிஸ்ட்ஸ்` மட்டும் `ட்ரூ` சொல்லும்). ஃபைல் இருந்தும், அதன் மேல் ஃபோல்டருக்குள் நுழைய அனுமதி இல்லாமல் இருக்கலாம். மாக் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. நிஜ ஃபோல்டரில் டெஸ்ட் எழுதுபவர் உடைந்த லிங்க்கை ஒருநாள் யோசிப்பார். மாக் எழுதுபவருக்கு அது தோன்றவே வாய்ப்பில்லை.

உருவாக்கக் கடினமான நிலைகளுக்கு மாக் வேண்டும்: டிஸ்க் நிரம்பிவிடுவது, நெட்வொர்க் டிரைவ் பாதியில் அறுந்துபோவது, சோதனைக்கும் திறப்பதற்கும் நடுவில் ஃபைல் மறைவது. டெஸ்ட்டிலிருந்து மாற்ற முடியாத நிலையான பாதையைக் கோட் பார்க்கிறது என்றாலும் மாக் உதவும். ஆனால் அங்கே முதலில் பாதையை ஆர்க்யுமென்டாக வாங்க முடியுமா என்று பாருங்கள்.

அனுமதி இல்லாத ஃபைலைச் சோதிக்க சிஎச்மாட் (ஃபைலின் அனுமதியை மாற்றுவது) போட்டேன். என் கணினியில் பாஸ், சிஐ சர்வரில் ஃபெயில்.

சிஐ கன்டெய்னரில் டெஸ்ட் பெரும்பாலும் ரூட் யூசராக (எல்லா அனுமதியும் உள்ள யூசர்) ஓடும். அனுமதியை 000 என்று வைத்தாலும் ரூட்டால் ஃபைலைப் படிக்க முடியும், அதனால் நீங்கள் எதிர்பார்த்த எரர் வராது. இங்கே மாக்தான் சரி: `ஓப்பன்` ஃபங்ஷனுக்கு `சைட்_எஃபெக்ட்=பர்மிஷன்எரர்` கொடுங்கள். சைட்_எஃபெக்ட்டுக்கு எக்ஸெப்ஷன் கொடுத்தால் மாக் அதை ரெய்ஸ் செய்யும்.

டிஸ்க் நிரம்பியதற்கு `ஓஎஸ்எரர்(எர்நோ.ஈநோஸ்பிசி, "இடமில்லை")`. எரர் எண், செய்தி இரண்டையும் கொடுங்கள். எண்ணை மட்டும் கொடுத்தால் எக்ஸெப்ஷனின் `எர்நோ` காலியாக இருக்கும், அதைப் பார்த்து முடிவெடுக்கும் கோட் தவறான கிளைக்குப் போகும். இரண்டையும் கொடுத்து எழுதினால், 3.3 முதல் பைத்தான் எண்ணுக்கேற்ற துணை கிளாஸையும் தானே தேர்ந்தெடுக்கும். அனுமதி இல்லை என்பதற்கான `ஈஆக்ஸஸ்` கொடுத்தால் கிடைப்பது `பர்மிஷன்எரர்`.

பைஃபேக்எஃப்எஸ் பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

முழு ஃபைல் சிஸ்டத்தையும் மெமரியில் நடிக்கும் லைப்ரரி. கூகுளுக்குள் உருவாகி 2011-இல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. பைடெஸ்ட்டில் `எஃப்எஸ்` என்ற ஃபிக்ஸ்சரைக் கேட்டால் போதும். `ஓஎஸ்`, `ஓப்பன்`, பாத்லிப் எல்லாம் அந்த டெஸ்ட்டுக்குள் பொய் டிஸ்க்கைத்தான் பார்க்கும். நிலையான பாதைகளை நிறையப் பயன்படுத்தும் பழைய கோடுக்கு இது மிக நல்ல துணை.

பைத்தான் எல்லைக்கு வெளியே போகும் எதையும் இதனால் ஏமாற்ற முடியாது. எஸ்கியூலைட் டேட்டாபேஸ் போலத் தன் சி கோட் வழியாகவே ஃபைலைத் திறப்பவையும், `சப்ப்ராசஸ்` மூலம் ஓடும் வேறு ப்ரோகிராம்களும் உண்மையான டிஸ்க்கைத்தான் பார்க்கும்.

ரிவியூவில் "எக்ஸிஸ்ட்ஸ் சோதனையையே எடுத்துவிடுங்கள்" என்றார்கள். அப்புறம் எதை டெஸ்ட் செய்வது?

நல்ல ரிவியூ. "இருக்கிறதா" என்று கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் இன்னொரு ப்ராசஸ் அந்த ஃபைலை அழித்துவிடலாம். நேராகத் திறந்து `ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்` வந்தால் பிடிப்பதுதான் பாதுகாப்பு. புது ஃபைலை மட்டுமே உருவாக்க வேண்டும் என்றால் `ஓப்பன்` ஃபங்ஷனுக்கு "எக்ஸ்" மோடு இருக்கிறது, ஏற்கெனவே இருந்தால் `ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர்` தரும். ஃபோல்டருக்கு `எக்ஸிஸ்ட்_ஓகே=ட்ரூ`.

இப்படி மாற்றினால் டெஸ்ட்டும் எளிதாகிறது. இல்லாத ஒரு பாதையை `டெம்ப்_பாத்` உள்ளே கொடுத்து, காலி ஸ்ட்ரிங் வருகிறதா என்று பார்த்தால் போதும். மாக்கே தேவைப்படாது. மாக் எழுதக் கஷ்டமாக இருந்தால், கோடின் வடிவத்தில் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம்.

எக்ஸிஸ்ட்ஸ் சரியான பாதையோடு அழைக்கப்பட்டதா என்று அசர்ட் செய்யலாமா?

வேண்டாம் என்பேன். நாளைக்கு யாராவது `இஸ்ஃபைல்` என்று மாற்றினாலோ, மேலே சொன்னபடி சோதனையையே எடுத்தாலோ, கோட் சரியாக இருந்தும் டெஸ்ட் உடையும். ஃபங்ஷன் என்ன திருப்பித் தந்தது, டிஸ்க்கில் என்ன விட்டுச் சென்றது என்பதைச் சோதியுங்கள்.

அப்படியும் எழுதினால் `அசர்ட்_கால்டு_ஒன்ஸ்_வித்` என்று முழுப் பெயரையும் எழுதுங்கள். `அசர்ட்_` விட்டுப்போய் `கால்டு_ஒன்ஸ்_வித்` என்று மட்டும் இருந்தால், பழைய பதிப்புகளில் அது இன்னொரு மாக் அழைப்பாகக் கருதப்பட்டு எதையும் சோதிக்காமல் பாஸ் ஆகும். 3.12 முதல்தான் எரர் வருகிறது.

மாட்யூல் இம்போர்ட் ஆகும்போதே சோதனை ஓடி முடிந்துவிடுகிறது. பேட்ச் எங்கே போடுவது?

டெஸ்ட் ஃபைலின் மேலேயே இம்போர்ட் செய்திருந்தால், பேட்ச் போடும் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். பேட்ச் பிளாக்குக்குள் `இம்போர்ட்லிப்.ரீலோட்` செய்து சமாளிக்கலாம். ஆனால் பொய்யான மதிப்போடு ரீலோட் ஆன மாட்யூல் அடுத்த டெஸ்ட்டுக்கும் அப்படியே போகும், அதனால் முடிந்ததும் இன்னொரு முறை ரீலோட் செய்ய வேண்டும். சோதனையை ஒரு ஃபங்ஷனுக்குள் நகர்த்துவதே சரியான தீர்வு.

ஃபைலை அழிக்கும் கோடுக்கு டெஸ்ட் எழுதுகிறேன். ஓஎஸ்.ரிமூவ் மாக் செய்துவிட்டேன், பாதுகாப்புதானே?

பேட்ச் சரியான பெயரில் இருந்தால் பாதுகாப்பு. இம்போர்ட் கேள்வியில் சொன்னபடி தவறான பெயரில் இருந்தால் மாக் சும்மா இருக்கும், உண்மையான `ரிமூவ்` ஓடும், உங்கள் ஃபைல் போகும். `ஷூட்டில்.ஆர்எம்ட்ரீ` என்றால் ஃபோல்டரே போகும். நேற்று வரை சரியாக இருந்த பேட்ச், யாரோ இம்போர்ட் வரியை மாற்றியதால் இன்று தவறாகலாம்.

அதனால் அழிக்கும் கோடுக்கு, மாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டெஸ்ட் கொடுக்கும் பாதை எப்போதும் `டெம்ப்_பாத்` உள்ளேதான் இருக்க வேண்டும். பெரும்பாலும் மாக்கும் வேண்டாம்: இரண்டு ஃபைல்களை உருவாக்குங்கள், ஃபங்ஷனை ஓட்டுங்கள், அழிய வேண்டியது அழிந்ததா, மற்றது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அழிக்கும்போது எரர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் `சைட்_எஃபெக்ட்=பர்மிஷன்எரர்` வைத்து ஒரு தனி டெஸ்ட் எழுதுங்கள்.